ஒரே வீட்டில் நான்கு சின்னங்கள்: 2024 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தார் எதைப் பார்த்து வாக்களித்தார்கள்?

கேள்வி: வலிகாமத்து மகன்

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் ஒரே முச்சக்கரவண்டியில் ஒரே வாக்களிப்பு நிலையத்துக்குப் போய், நான்கு வெவ்வேறு சின்னங்களுக்கு வாக்களித்துவிட்டுத் திரும்பினோம். அம்மா ரணில் விக்கிரமசிங்கவின் எரிவாயு சிலிண்டருக்கும், அப்பா சஜித் பிரேமதாசவின் தொலைபேசிக்கும், மாமா தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்கும், நான் அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டிக்கும் வாக்களித்தோம். வழியில் யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை. திரும்பி வரும்போதுதான் யார் எதற்கு என்று தெரியவந்தது. அதன் பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் வாக்குவாதம் ஓயவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச ஏறத்தாழ 84 வீத வாக்குகளைப் பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் அவருக்கு 32.60 வீதமும், அரியநேத்திரனுக்கு 31.39 வீதமும், ரணிலுக்கு 22.75 வீதமும் கிடைத்தன. நாட்டை வென்ற அநுரவுக்கோ 7.29 வீதம்தான். ஆனால் அடுத்த இரண்டே மாதங்களில், நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில், அநுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்துக்கொண்டது.

ஒரு வாக்காளர் ஒரு ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்வது எதனால்? கொள்கையினாலா, தலைவர்கள் சொல்வதாலா, பயத்தினாலா, அல்லது கடைசி வாரத்தில் வீசும் காற்றினாலா? பொதுவான தத்துவங்களை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு வேண்டியது, பல தேர்தல்களைக் கண்டவர்கள் இந்தப் பிளவை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதே.

பதில் 1: ஓய்வுபெற்ற தபாலதிபர்

தம்பி, நான் 1982 ஒக்டோபர் 20இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து பார்த்து வருகிறேன். யாழ்ப்பாணம் எப்போதும் ஒரே குரலில் பேசியது, 2024இல்தான் பிளவுபட்டது என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. அந்த நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும்.

1982இல் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 40 வீத வாக்குகளோடு முதலிடம் பெற்றார். அவருக்கு அடுத்து வந்தவர் யார் தெரியுமா? ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ, 35 வீதத்துக்கும் சற்று அதிகமாக. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பையும், எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக வாய்ப்பைக் குறுக்கிய தரப்படுத்தலையும் கொண்டுவந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர் அவர். அவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட யாழ்ப்பாண வாக்குகள் எப்படிக் கிடைத்தன?

வெங்காயத்தைக் கேட்டால் அது பதில் சொல்லும். 1970க்கும் 1977க்கும் இடையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, எங்கள் செம்மண் தறைகளில் விளைந்த சின்னவெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொழும்பில் நினைத்த விலை கிடைத்தது. கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. 1977இல் வந்த ஜே.ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரம் என்று கதவைத் திறந்துவிட்டதும் அந்த விலை விழுந்தது. கொப்பேகடுவ விவசாய அமைச்சராக இருந்த காலத்தைத் தோட்டக்காரர்கள் மறக்கவில்லை. இதற்கிடையில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது ஜயவர்தனவின் ஆட்சியில். ஆகவே ஒரே மனிதரின் வாக்குச்சீட்டில் வெங்காயமும் நூலகமும் சேர்ந்தே இருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடிந்திராது. அப்போதே வீடுகள் பிரிந்துதான் வாக்களித்தன.

பின்னர் வந்த போர்க்காலத் தேர்தல்களை வைத்து மக்களின் தெரிவைப் பற்றிப் பேசுவது கடினம். 2005ஐ மட்டும் சொல்கிறேன். அன்று மகிந்த ராஜபக்ஷ ரணிலை வென்றது நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தை இங்கு இருந்தவர்கள் அறிவார்கள். நானும் அன்று வீட்டில்தான் இருந்தேன். அதை என் விருப்பம் என்று யாராவது எழுதினால் அது பொய். என் எதிர்ப்பு என்று எழுதினாலும் அதே அளவு பொய்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 2010 ஜனவரியில், போர் முடிந்து எட்டே மாதங்களில், அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றார். வாக்களித்தவர்கள் நால்வரில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் வாக்களித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அவருக்கே அளித்தார்கள். அவர் மீது எங்களுக்கு அன்பு இருந்ததென்று எந்த மூடனும் சொல்லமாட்டான். 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு 74 வீதம். அவர் முந்தைய ஒன்றரை மாதம் வரைக்கும் ராஜபக்ஷவின் அமைச்சரவையில் இருந்தவர். 2019இல் சஜித்துக்கு நீங்கள் சொன்ன 84 வீதம். அவருடைய தந்தையாரின் ஆட்சிக்காலத்தில் தீவகத்தையும் வலிகாமத்தையும் குண்டுகள் எப்படித் துளைத்தன என்பதை நினைவில் வைத்திருந்தவர்களே அந்த வாக்கையும் அளித்தார்கள். மூன்று தேர்தல்களிலும் நாங்கள் ஒருவரை உள்ளே அனுப்ப வாக்களிக்கவில்லை. ராஜபக்ஷ என்ற ஒரு குடும்பத்தை வெளியே வைத்திருக்க வாக்களித்தோம். அந்த நோக்கத்துக்கு உதவக்கூடியவர் யாரோ, அவர் பெயரைத் தேடிப் புள்ளடியிட்டோம்.

2024இல் நாமல் ராஜபக்ஷ போட்டியிட்டார். ஆனால் அவர் வெல்வார் என்று அவருடைய கட்சிக்காரரே நம்பவில்லை. வெளியே நிறுத்த வேண்டிய ஆள் இல்லாமற் போனதும், எங்களை ஒரே வரிசையில் நிறுத்தி வைத்திருந்த கயிறும் அறுந்தது. அதன் பிறகு அவரவர் தம் காரணத்துக்கே வாக்களித்தார்கள். உங்கள் வீட்டில் நான்கு சின்னங்கள் வந்ததை நான் குழப்பமாகப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று.

பதில் 2: கிளிநொச்சி வாசகி

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சங்குக்கு விழுந்த வாக்கை அவர் ‘அவரவர் காரணம்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோனது எனக்கு உடன்பாடில்லை. அந்த வாக்கை அளித்தவர்களில் நானும் ஒருத்தி.

அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்பது அவருக்கு வாக்களித்த 226,343 பேருக்கும் தெரியும். வெல்லாத வேட்பாளருக்கு ஏன் வாக்களித்து வீணாக்குகிறாய் என்று என்னிடம் பலர் கேட்டார்கள். 2010 தொடக்கம் மூன்று முறை வெல்லக்கூடியவருக்கு என்று அளித்த வாக்குகளால் என்ன கிடைத்தது என்பதே என் மறுகேள்வி. 2015இல் நாங்கள் அளித்த வாக்கு உண்மையிலேயே ஆட்சியை மாற்றியது. மைத்திரிபாலவுக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது 51.28 வீதம்தான், வடக்கும் கிழக்கும் இல்லாமல் அது வந்திராது. அதற்குக் கைம்மாறாகப் புதிய அரசியலமைப்பு வரும் என்றார்கள். இடைக்கால அறிக்கையோடு அது நின்றுபோனது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் எங்கள் நகரில் வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்களுள் பலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். ஆட்சியை மாற்றும் பலம் எங்கள் வாக்குக்கு இருந்தது, ஆனால் மாற்றிய ஆட்சியிடம் எதையும் கேட்டுப் பெறும் பலம் இருக்கவில்லை என்பதைக் கண்ட பிறகு, பலத்தை அல்லாமல் இருப்பையாவது காட்டுவோம் என்று தோன்றுவது இயல்பு.

இதை உணர்ச்சி வாக்கு என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். 2019இல் சிவாஜிலிங்கம் இதே காரணத்தைச் சொல்லித்தான் போட்டியிட்டார். அவருக்கு நாடு முழுவதிலும் பன்னிரண்டாயிரம் வாக்குகள் அளவில்தான் கிடைத்தன. அதே மக்கள்தாம், அதே உணர்ச்சிதான். அன்று எதிரே நின்ற கோட்டாபய ராஜபக்ஷவைப் பற்றிய அச்சம் இருந்தது, ஆகவே யாரும் அந்த வாக்கைச் செலவழிக்கத் துணியவில்லை. உணர்ச்சியிலும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்த இடத்தில் ஐயாவின் விளக்கத்துக்கு நானே துணை நிற்பதாக ஆகிவிட்டது, பரவாயில்லை.

தலைவர்கள் சொல்வதாலா என்றும் தம்பி கேட்டிருந்தார். இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. எங்கள் மாவட்டத்தவரான அதே கட்சியின் சிறீதரன் சங்குக்காக மேடை ஏறினார். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலையே புறக்கணிக்கச் சொன்னது. வீட்டைச் சின்னமாகக் கொண்ட தமிழரசுக் கட்சிக்காரர்களே இரண்டு பக்கம் நின்றபோது, தலைவர் சொல்லைக் கேட்க விரும்பியவர்களாலும் கேட்க முடியவில்லை. நவம்பரில் அந்தக் கட்சிகளின் மீது விழுந்த அடியில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

பதில் 3: கொட்டகலைக்காரன், தற்போது கொழும்பில்

ஜனாதிபதித் தேர்தல் நாடு முழுவதற்கும் ஒரே தொகுதி. ஆகவே தெற்கையும் மலையகத்தையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தை மட்டும் பேசினால் பாதிப் படம்தான் தெரியும்.

நான் வேலை செய்யும் கடையில் சிங்களச் சகோதரர்கள் ஆறு பேர். 2019இல் ஐந்து பேர் கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்கு வாக்களித்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த பிறகு, நாட்டைக் காக்க ஒரு இராணுவக்காரர் வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே பேச்சு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தபோது, ஊரில் வயல் வைத்திருந்த ஒருவர் முதலில் முணுமுணுக்கத் தொடங்கினார். 2022இல் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்து, பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது ஐந்து பேரும் மாறிவிட்டார்கள். கோட்டாபயவுக்கு 2019இல் 69 இலட்சம் வாக்குகள். அதே கட்சியில் 2024இல் நின்ற நாமலுக்கு 342,781. இவ்வளவு பெரிய சரிவைக் கொள்கை விளக்கத்தால் யாரும் உண்டாக்க முடியாது. ஆட்சியில் இருந்தவர் என் வீட்டுக்கு என்ன செய்தார் என்று திரும்பிப் பார்த்து அளிக்கும் வாக்கு அது.

ஆனால் திரும்பிப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. ரணிலின் மேடைகளில் சொல்லப்பட்டதெல்லாம் ‘வரிசைகளை நிறுத்தியவர் யார்?’ என்பதுதான். எரிவாயுவுக்குக் காத்து நின்ற மக்களிடம் எரிவாயு சிலிண்டரையே சின்னமாகக் காட்டிய துணிச்சலை நான் இரசித்தேன். தம்பியின் தாயார் அந்த வரிசையை நினைத்து வாக்களித்திருப்பார். எங்கள் கடைக்காரர்களோ வரிசை போன பிறகு வந்த மின்கட்டணத்தையும், 18 வீதமான வற் வரியையும் நினைத்தார்கள். வரிசையை உண்டாக்கியவர்களின் பாராளுமன்ற வாக்குகளால்தானே ரணில் 2022 ஜூலையில் ஜனாதிபதி ஆனார் என்றும் கேட்டார்கள். அந்தத் தெரிவில் அநுரவுக்குக் கிடைத்தவை 3 வாக்குகள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மக்களிடமிருந்து 5,634,915. அதுவரை ஆட்சிக்குத் தலைமை தாங்காத ஒருவர் என்பதே அவருடைய பெரிய தகுதியாகிவிட்டது.

இதே தகுதி வடக்கில் ஏன் செல்லவில்லை என்பதும் விளங்கக்கூடியதே. அநுரவின் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) ஆட்சிக்குத் தலைமை தாங்காதிருந்திருக்கலாம், ஆனால் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அவர்களே, 2006இல் தீர்ப்பும் பெற்றார்கள். தெற்கில் பழைய சுமை இல்லாதவராகத் தெரிந்தவர் வடக்கில் பழைய சுமையோடுதான் வந்தார். ஜனாதிபதியான இரண்டு மாதங்களில் அஞ்சியது எதுவும் நடக்காததும், பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தினூடாக மூடிக்கிடந்த வீதியொன்று திறக்கப்பட்டதும் நவம்பரில் அந்தச் சுமையைச் சற்று இறக்கி வைத்தன. வென்றவர் பக்கம் நின்றால் வேலை நடக்கும் என்ற எண்ணமும் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மலையகத்தில் காரணம் இன்னும் நேரடியானது. 1948இல் குடியுரிமையை இழந்து, அதைத் துண்டு துண்டாகத் திரும்பப் பெற்ற மக்களுக்கு, வாக்கு என்பது தொழிற்சங்கத் தலைவர் பேரம் பேசக் கொண்டுபோகும் பொருளாகவே நீண்ட காலம் இருந்தது. 2024 மே தினத்தன்று எங்கள் கொட்டகலையில் ரணில் 1,700 ரூபா நாட்சம்பளத்தை அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை பெற்றன. தேர்தல் நெருங்கும்போது கணக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாகச் சுருங்கியிருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலாவதாகவும் ரணில் இரண்டாவதாகவும் வந்தார்கள். என் அக்கா கொழுந்து பறிப்பவர். நிறை காணாவிட்டால் இன்றைக்கும் அரைப் பேர்தான் (அரை நாட்சம்பளம்) போடுகிறார்கள், இதில் ஆயிரத்து எழுநூறு என்ன, இரண்டாயிரம் என்ன என்று கேட்டுவிட்டு, தோட்டத் தலைவர் சொன்ன சின்னத்துக்கு வாக்களிக்காமல் வந்தார். எந்தச் சின்னம் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

பதில் 4: வாக்கெண்ணும் மேசை

தேர்தல் கடமையில் பல முறை ஈடுபட்ட அரச உத்தியோகத்தர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே பேசியவர்கள் எல்லாரும் ‘ஒருவருக்குத்தான் வாக்கு’ என்ற எண்ணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஜனாதிபதித் தேர்தல் அப்படி அமைக்கப்படவில்லை. 1, 2, 3 என்று மூவர் வரை விருப்பு வரிசை இடலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு அளிக்கப்பட்ட அடுத்த விருப்பு எண்ணப்படும். 1982 தொடக்கம் எட்டுத் தேர்தல்களில் அதற்கு அவசியமே ஏற்படவில்லை. 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது.

அந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள். அநுரவுக்கும் சஜித்துக்கும் அல்லாமல் வேறு வேட்பாளர்களுக்கு முதல் விருப்பு அளித்தவர்கள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர். அவர்களுடைய சீட்டுகளிலிருந்து அநுரவுக்குக் கூடியவை 105,264, சஜித்துக்குக் கூடியவை 167,867. இரண்டையும் சேர்த்தாலும் 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். அதாவது பன்னிருவரில் ஒருவர் அளவில்தான் மேலதிக விருப்பைப் பயனுள்ள முறையில் இட்டார். இதை நம்மவர்களின் பிடிவாதம் என்று சொல்வதா, அறியாமை என்று சொல்வதா? இரண்டும் கலந்ததே என்பது என் எண்ணம். கட்சிகளின் துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் ஒரேயொரு சின்னத்துக்கு நேரே புள்ளடியிடுவதையே காட்டின; மற்றவருக்கு இரண்டாவது விருப்பைக் கொடுங்கள் என்று சொன்னால் தம் பலவீனத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அஞ்சினார்கள்.

கிளிநொச்சிச் சகோதரி சொன்ன இருப்பைக் காட்டும் வாக்கும், தபாலதிபர் ஐயா சொன்ன தடுக்கும் வாக்கும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை அல்ல. ஒரே சீட்டில் இரண்டையும் அளிக்க வழி இருந்தது.

கேள்வியாளரின் மறுமொழி: வலிகாமத்து மகன்

அனைவருக்கும் நன்றி. தபாலதிபர் ஐயாவின் பதிலை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அம்மா அரசியலைப் பற்றி எதுவும் சொல்லாமல், 2022இல் மண்ணெண்ணெய்க்காக விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து போனதையும், கான் வரிசையில் தன்னுடையதை யாரோ பின்னுக்குத் தள்ளி வைத்ததையும் மட்டும் சொன்னார். கொட்டகலை அண்ணா ஊகித்தது சரிதான்.

வாக்கெண்ணும் மேசையிடம் ஒன்று கேட்க வேண்டும். மாமா சங்குக்கு நேரே 1 என்றும் தொலைபேசிக்கு நேரே 2 என்றும் இட்டாராம். இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு உங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். அப்படியானால் அவருடைய சீட்டுக்கு என்ன நடந்திருக்கும்? 3 இடாததால் பழுதாகியிருக்குமா?

பதில்: வாக்கெண்ணும் மேசை

பழுதாகாது. ஒருவருக்கு மட்டும் 1 என்றோ தனிப் புள்ளடியோ இட்டிருந்தாலும் செல்லும். 1, 2 என்று இரண்டோடு நிறுத்தியிருந்தாலும் செல்லும். முதல் எண்ணிக்கையில் மாமாவின் வாக்கு அரியநேத்திரனின் 226,343க்குள் சேர்ந்திருக்கும். அவர் நீக்கப்பட்டதும் அதே சீட்டு மறுபடியும் மேசைக்கு வந்து, சஜித்துக்குக் கூடிய 167,867க்குள் ஒன்றாகியிருக்கும். உங்கள் அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள். இறுதிக் கணக்கில் அவரும் மாமாவும் ஒரே வாக்குக் கட்டுக்குள்தான் இருந்திருக்கிறார்கள்.